அரைச் சம்பளக் கையெழுத்து

ஏழை என்று சர்க்காரிடம் நிரூபிக்க அந்தக் காலத்தில் மூன்று கையெழுத்து வேண்டும். முதலில் ஊர் மணியக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, ஆமாம், ஏழைதான் என்று எழுத வேண்டும். கடைசியில் தாசில்தார் முத்திரை போட வேண்டும். எங்கள் ஊர் மணியக்காரர் என் பெரியப்பா. கூடப்பிறந்தவர் அல்ல, அப்பாவுடைய பெரியப்பா மகன், பங்காளி. அவர் செத்துப் பல வருடம் ஆகிறது. செத்தவர்மேல் வன்மம் வைத்திருக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் வைத்திருக்கிறேன். வயதானால் ஆறிவிடும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு வயதாகிவிட்டது, அது ஆறவில்லை.

எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்கு மேற்கே, சேலம் ரோட்டை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடக்கிற தூரத்தில் இருந்தது. யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னால், நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். ஊரில் அதற்கு முன்னால் யாரும் தேறியதில்லை. அதே பரீட்சையைப் பெரியப்பாவின் மகன் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தான். அவனும் நானும் ஒரே வயது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

சேலத்துக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் இடம் கிடைத்தது. படிப்புக்குக் கட்டுகிற பணத்தை அப்போது சம்பளம் என்றுதான் சொல்வோம். அது எவ்வளவு என்று கேட்டதும், உதவி ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். கல்லூரி ஆபீசில் இருந்த குமாஸ்தா பொறுமைசாலி. மேல்படிப்புக்குச் சர்க்கார் என்னென்ன உதவி செய்கிறது என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். ஜில்லாவிலேயே முன்வரிசையில் மார்க் வாங்கியவனுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. நான் அந்த வரிசையில் இல்லை. ஜில்லா போர்டு கொஞ்சம் பணம் தரும்; அதற்கு போர்டு மெம்பர் ஒருவரின் சிபாரிசு வேண்டும், எங்களுக்கு எந்த மெம்பரையும் தெரியாது. சில சாதிக்காரர்களுக்கென்று தனி உதவி இருந்தது. அதில் எங்கள் சாதி வரவில்லை. பட்டாளத்துக்காரர் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு; எங்கள் குடும்பத்தில் ஒருவரும் பட்டாளத்துக்குப் போனதில்லை. எல்லா விரலையும் மடக்கிய பிறகு ஒன்றுதான் மிஞ்சியது. ஏழை மாணவர்களுக்கு அரைச் சம்பளம்.

இப்போதைக்குப் பாதியைக் கட்டிவிட்டு வகுப்பில் உட்காரலாம் என்றார் குமாஸ்தா. பூஜை விடுமுறைக்குள் தாசில்தார் முத்திரையோடு ஏழைச் சான்று வந்து சேர வேண்டும். வராவிட்டால் மீதிப் பாதியையும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அதைச் சொல்லும்போது ரிஜிஸ்டரில் என் பெயர் எழுதியிருந்த இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

நாங்கள் ஏழைகளா என்று கேட்டால், ஆம், சந்தேகமே இல்லை. பருத்தியும் நிலக்கடலையும் விலை விழுந்து நாலைந்து வருடமாக எழுந்திருக்கவில்லை. முந்தின வருடம்தான் அப்பா கடைசிச் சோடி மாட்டையும் விற்றிருந்தார். கட்டுத்தரையில் முளைக்குச்சிகள் மட்டும் இருந்தன. வீட்டில் மூன்று வேளையும் கம்பு, இல்லாவிட்டால் ராகிக் களி. நெல்லுச்சோறு நோம்பி, பண்டிகைக்குத்தான். ஆனால் காடு இருந்தது; விளைநிலத்தைக் காடு என்றுதான் நாங்கள் சொல்வோம். காடு வைத்திருக்கிறவன் எங்கள் பக்கத்தில் தன்னை ஏழை என்று சொல்லிக்கொள்ள மாட்டான். கஷ்டம் என்பான், முடை என்பான், காலம் சரியில்லை என்பான். ஏழை என்ற சொல்லை மட்டும் வாயில் வைக்க மாட்டான். அந்தச் சொல்லைப் பங்காளி கையால் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும் என்று நான் சொன்னபோது, அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பொதுக் கிணறும் முப்பது வருடத்து மனஸ்தாபமும் இருந்தன. இருந்தாலும் நேருக்கு நேராக அவர் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. அவருடைய ஆயுதம் அதுதான். அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், இதற்கென்ன, எழுதினால் போயிற்று, நம் பையன் படித்தால் எனக்கும் பெருமைதானே என்றார். அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இவ்வளவு நல்ல மனிதரையா இத்தனை நாளும் கரித்துக்கொட்டினோம் என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்காக இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

காகிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் அப்பாவை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். அங்கேதான் அதைச் சொன்னார்.

“ரெவின்யூக்காரர் ஊட்டுக்கு வருவாரு தம்பி. வெறுங்கட்டுத்தரையவா காட்டுவே? அது எனக்குந்தான கேவலம்? என்ற சோடிய ஓட்டிக்கிட்டுப் போயிக் கட்டிக்க. வண்டியும் நிக்கட்டும்.”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஏழை என்று சொல்லி மனுப் போட்டவன், சோதிக்க வருகிற அதிகாரி முன்னால் எதற்காக இரவல் மாட்டைக் கட்டுவான்? எங்கள் ஆட்கள் கட்டுவார்கள். வருகிறவர் அதிகாரி என்பது அப்புறம். வாசல் மிதித்து வருகிற எவரும் எங்களுக்கு ஒரம்பரை, விருந்தாளி. விருந்தாளிக்கு முன்னால் வீட்டின் இல்லாமையைக் காட்டுவது அவரை அவமானப்படுத்துகிற காரியம். மரியாதை வேறு, மனு வேறு என்று அப்பா மனசார நம்பினார். காகிதத்தில் ஏழை என்று மணியக்காரரே எழுதியாகிவிட்டது, அதைப் படித்துவிட்டு அதிகாரி பேசாமல் போவார் என்று நினைத்தார். அப்பாவை மட்டும் சொல்லி என்ன? அந்தச் சோடி மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவியது நான். பெரியப்பா வீட்டிலிருந்து பித்தளை அண்டாவும் குண்டாவும் தலைமேல் வைத்துச் சுமந்து வந்ததும் நான்தான். காங்கேயத்து மயிலைக் காளைகள். எங்கள் வாசலில் அவை நின்ற அழகைத் தெருவே பார்த்தது, நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குதிரை வண்டியில் முற்பகலில் வந்தார். பெரியப்பாதான் அழைத்து வந்தார். வெடக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தோம். நெல்லுச்சோற்றுக்கு அரிசி மூன்று வீட்டில் கடன். இன்ஸ்பெக்டர் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினார். கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்து கட்டுத்தரையைப் பார்த்தார். மாடு யாருடையது என்று கேட்டார்.

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரே வார்த்தையில் காரியத்தைச் சரி செய்திருக்கலாம். அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் கட்டுத்தரையில்தானே நிற்கிறது என்று பட்டும் படாமலும் சொன்னார். சாப்பாடு போட்டு உபசரித்த கையோடு, மாடு இரவல் என்று சொல்ல அப்பாவுக்கு நா எழவில்லை.

“நம்முளுதுதானுங்க,” என்றார்.

இன்ஸ்பெக்டர் பலகைமேல் காகிதத்தை வைத்து எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் படிக்கவில்லை. அதிகாரி எழுதுகிறதைப் படித்துப் பார்ப்பது சந்தேகப்படுவது போலாகும் என்று நினைத்திருப்பார். கீழே சாட்சியாகப் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து நீளமானது, கடைசியில் ஒரு சுழி வரும். அன்று சாயங்காலமே மாட்டையும் வண்டியையும் பாத்திரங்களையும் திருப்பிக் கொண்டுபோய் விட்டோம். அப்பா பெரியப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பூஜை விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கல்லூரி ஆபீசுக்குத் தகவல் வந்தது. மனுத் தள்ளுபடி. விசாரணையில் மனுதாரரின் தகப்பனார் வசதியுள்ளவர் என்று தெரியவருகிறபடியால் சலுகைக்கு இடமில்லை. குமாஸ்தா அதை வாசித்துவிட்டு, வசதியிருந்தும் ஏன் தம்பி ஏழைகளோடு போட்டிக்கு வருகிறாய் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லீவு முடிந்து திறக்கிற நாளில் மீதிச் சம்பளத்தோடு வந்தால் வகுப்பு, இல்லாவிட்டால் இல்லை.

நான் ஊருக்குப் போகவில்லை. நேராக நாமக்கல் தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஸ்டாம்பு ஒட்டி நகல் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அங்கேயே காத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் நகல் கிடைத்தது. மயிலைக் காளை சோடி ஒன்று, வண்டி ஒன்று, பித்தளைப் பாத்திரங்கள், பகல் உணவு நெல்லுச்சோறும் கோழியும் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது. இவையெல்லாம் மேற்படியாருக்குச் சொந்தம் என்று நாங்கள் அறிவோம் என்பதற்குக் கீழே, பெரியப்பா கையெழுத்து என்று நகலெடுத்தவர் குறித்திருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கவும், நகல் கொடுத்த எழுத்தருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“உங்க மணியக்காரருதாம்ப்பா இன்ஸ்பெக்டரு வர்றதுக்கு முந்தின நாளே வந்து அவருகிட்டச் சொல்லிப்போட்டுப் போனாரு,” என்றார். “கட்டுத்தரையப் பாக்காம எழுதிராதீங்கன்னு.”

புதுச்சத்திரம் வரை பஸ் இருந்தது. நான் நடந்தேன். உட்கார்ந்து வர உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதற்கு முன்னாலும் எனக்குக் கோபம் வந்ததுண்டு. அது வரும், போகும். இது வேறு. இது வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் வீட்டு வைக்கோல் போரில் தீ வைக்கலாமா, மகனை ஆள் இல்லாத இடத்தில் பிடித்து உதைக்கலாமா என்றெல்லாம் வழிநெடுக யோசித்தேன். ஊர் எல்லை தெரிகிற இடத்தில்தான் என் கையில் என்ன இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. நின்று அந்தக் காகிதத்தை மறுபடியும் படித்தேன். அந்தச் சோடி மாடு என் அப்பாவுடையது என்று சர்க்கார் எழுதியிருக்கிறது, அதற்கு மணியக்காரரே சாட்சி. வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்பா ஊரில் இல்லை. சங்ககிரிப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் இறந்துபோய், காரியம் முடிந்து வர நாலு நாள் ஆகும் என்று அம்மா சொன்னாள். நான் முகம் கழுவிக்கொண்டு பெரியப்பாவின் காட்டுக்குப் போனேன். காலை உழவு முடிந்து மாட்டை வேலமரத்தில் கட்டியிருந்தார்கள். பண்ணையாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். மாட்டை அவிழ்த்தேன். பெரியப்பா ஓட்டி வரச் சொன்னாரா என்று அவன் கேட்டான். அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். பொய் இல்லை.

வண்டித்தடத்தில் போயிருந்தால் ஒருவர் கண்ணிலும் படாமல் வீடு வந்திருக்கலாம். நான் ஊர் நடுவாக ஓட்டி வந்தேன். மாரியம்மன் கோயில் முன்னால் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாக ஓட்டினேன். எங்கள் வாசலுக்கு வருவதற்குள் பெரியப்பா வேகமாக வந்து சேர்ந்தார். பின்னால் பத்துப் பேர்.

“என்ற மாட்ட எங்கடா ஓட்டிக்கிட்டுப் போறே?”

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் என்னை ‘டா’ போட்டுப் பேசினார். நான் குரலை உயர்த்தவில்லை. நகலைப் பிரித்துக் கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகப் படித்தேன். கடைசி வரியையும் அவருடைய கையெழுத்துப் பற்றிய குறிப்பையும் இரண்டு தடவை படித்தேன்.

“இது எங்கய்யன் மாடுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கறீங்க பெரியப்பா. அது பொய்யின்னா சொல்லுங்க. ரெண்டு பேருமாத் தாசில்தாருகிட்டப் போயி, பொய்யின்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரலாம்.”

அவருடைய முகத்தில் அப்போது ஓடியதைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பொய் என்றால், சர்க்கார் விசாரணையில் பொய்க் கையெழுத்துப் போட்ட மணியக்காரர் ஆகிவிடுவார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் இருந்த மணியம் போய்விடும். உண்மை என்றால் மாடு போய்விடும். அவர் கூட்டத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார். பிறகு திரும்பி நடந்தார். என் வாழ்க்கையில் அதைப் போன்ற சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கல்யாணமும் பிள்ளை பிறந்ததும் எல்லாம் அதற்குக் கீழேதான். இதை என் மனைவி படித்தாலும் பரவாயில்லை.

அப்பா வந்தால் மாட்டைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் மறுநாள் சந்தைக்கே ஓட்டிப் போய் விற்றேன். பள்ளிபாளையத்துக்கு நூல் மூட்டை ஏற்றுகிற வண்டிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். யார் மாடு என்று அவர் கேட்டபோது, தாசில்தார் ஆபீஸ் நகலைக் காட்டினேன். மாட்டுச் சந்தையில் அப்படி ஒரு ரசீதோடு வந்தவனை அவர் பார்த்ததில்லையாம். அப்பா சங்ககிரியிலிருந்து திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டு, கட்டுத்தரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எந்த நாள் கல்லூரி திறக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அந்த வருடத்து மீதிச் சம்பளம் முழுவதையும் ஒரே தடவையாகக் கட்டினேன். குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் திருப்பிப் பார்த்த பார்வைக்கு அர்த்தம், ஆமாம், வசதியுள்ளவன்தான் என்பது. வகுப்பில் உட்காரும்போதெல்லாம் பெரியப்பாவை நினைத்துக்கொள்வேன். இரசாயனப் பாடம் புரியாவிட்டாலும் அவர் வாயைத் திறந்து மூடியது நினைவுக்கு வந்து உற்சாகம் ஏறும். மற்ற பையன்கள் நல்ல வேலைக்காகப் படித்தார்கள். நான் அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகப் படித்தேன். அந்த வெறியில் மார்க்கும் வந்தது.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். அப்பா எங்கே என்றால் கிணற்றடிக்குப் போயிருக்கிறார் என்றாள். அன்றைக்குத் தண்ணீர் முறை பெரியப்பாவுடையது. அங்கே அப்பாவுக்கு என்ன வேலை என்று நினைத்தபடி போனேன். கிணற்றில் கவலை ஏற்றம் ஓடிக்கொண்டிருந்தது. சோடி மாட்டைச் சரிவில் இறக்கி, தோல் பறியில் தண்ணீரை மேலே இழுத்து, மறுபடியும் பின்னாலேயே மேட்டுக்கு ஏற்றி, நாள் முழுக்க இப்படி ஓட்ட வேண்டும். மாடு புதிது, செவலை. கயிற்றின்மேல் உட்கார்ந்து ஓட்டியது என் அப்பா. வேலமரத்து நிழலில் கட்டிலைப் போட்டுப் பெரியப்பா படுத்திருந்தார்.

நான் சேலத்துக்குப் பஸ் ஏறிய மறுநாளே அப்பா அவரிடம் போய், மாட்டின் விலை கழிகிற வரை உங்கள் காட்டில் வேலை செய்கிறேன் என்று தானாகவே சொல்லியிருக்கிறார். பெரியப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதமாக அப்பா ஓட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் காடு சும்மா கிடந்தது. அம்மா எனக்கு எழுதிவிடக் கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தாராம்.

மாட்டைப் பிடித்து நிறுத்தினேன். இறங்குங்கள், வீட்டுக்குப் போகலாம் என்றேன். நம்மை ஏமாற்றியவனுக்கு நாம் எதற்காக உழைக்க வேண்டும், அவன் செய்த துரோகத்துக்கு அந்த மாடு போதாது என்று கத்தினேன். கட்டிலில் இருந்தவர் காதில் விழட்டும் என்றுதான் கத்தினேன். அப்பா கயிற்றைவிட்டு இறங்கவில்லை.

“ஓட்டியாந்தது நீயி. நாலு பேத்துக்கு முன்னால நம்முளுதுன்னு சொன்னது நானு. சொன்ன வாய்க்கு நாந்தான சாமி உழைக்கோணும்?” என்றார். “உட்டுட்டுத் தள்ளி நில்லு. பாத்தி காயுது.”

நான் விட்டேன். மாடு இறங்கியது, தண்ணீர் மேலே வந்து கொட்டியது. நிழலில் இருந்த மனிதர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, எப்போது வந்தாய், படிப்பெல்லாம் எப்படி என்று பிரியமாக விசாரித்தார். அந்தப் பிரியத்தை நான் மறக்கவே மாட்டேன். அப்போது அரிவாள் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் இந்தக் கதையை ஜெயிலில் உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

இரண்டாம் வருடம் வந்தது. விற்பதற்கு மாடு இல்லை. அரைச் சம்பளத்துக்கு வருடா வருடம் புதிதாக மனுப் போட வேண்டும், மறுபடியும் அதே மூன்று கையெழுத்து. படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதைக் கேட்டதும்தான் அப்பாவுக்குக் கோபம் வந்தது. அப்படியானால் இத்தனை நாள் நான் யாருக்காக ஓட்டினேன் என்று கேட்டார். நானும் அவரும் பெரியப்பாவிடம் போனோம். கவலையை நிறுத்திவிட்டு, கால் சேறோடு அப்பா அப்படியே வந்தார்.

பெரியப்பா மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். மறுக்க வேண்டும் என்று ஒரு பக்கம் ஆசையாகக்கூட இருந்தது. மறுத்தால் இன்னொரு சண்டை போடலாம். அவர் மறுக்கவில்லை. இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் வந்தால் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். அதன்படி பிறகு செய்யவும் செய்தார். கட்டுத்தரை ஏன் காலி என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, பையன் படிப்புக்காக மாட்டை விற்றுவிட்டார்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவர் பட்ட பாடு எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அது பின்னால் நடந்தது. அன்றைக்கு அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக எழுதினார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

“படிச்ச பையன். ஒருக்காச் சத்தமாப் படிச்சுப் பாரு. தப்பு இருந்தாத் திருத்திப்போடலாம்.”

அவர் வீட்டு ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அவர் மகன் வாசற்படியில் நின்றான். நான் படித்தேன். மேற்படி மாணவனின் தகப்பனார் சொந்தத்தில் மாடு, வண்டி இல்லாதவர். என் காட்டில் கூலிக்குக் கவலை ஓட்டிப் பிழைத்து வருகிறவர். இது எனக்கு நேரில் தெரியும். கீழே அந்த நீளக் கையெழுத்து.

ஒரு பொய்யும் இல்லை. போன வருடத்துக் காகிதத்தைக் கிழித்தெறிய எனக்குக் காரணம் இருந்தது, இதற்கு இல்லை. ஒரு எழுத்துக்கூட மாற்ற முடியாத உண்மையை எழுதி, அதை என் வாயாலேயே என் அப்பா முன்னால் படிக்க வைத்துவிட்டார். அந்த மாட்டுக்குப் பழி தீர்க்க அவர் ஒன்பது மாதம் காத்திருந்திருக்கிறார். நான் வாங்கிய பழி ஒரு பகல், அவர் வாங்கியது சர்க்கார் ரிக்கார்டில் இருக்கிறது. இன்றைக்கும் எங்கேயோ ஒரு காகிதக் கட்டுக்குள் தூசியில் அது இருக்கும். அதைக் கொண்டுதான் எனக்கு அரைச் சம்பளம் கிடைத்தது. அதில்தான் நான் படித்தேன், தேறினேன், வேலைக்குப் போனேன், உட்கார்ந்து சாப்பிட்டேன்.

“செரியா இருக்குதா சாமி?” என்று பெரியப்பா கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பதில் சொல்லு என்பது போலத் தலையை அசைத்தார்.

“செரியா இருக்குதுங்க பெரியப்பா,” என்றேன். இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். அப்பா அவரைக் கும்பிட்டார். பாத்தி இன்னும் பாதி பாயாமல் இருந்ததால் அப்பா கிணற்றுக்குத் திரும்பினார். நான் மடிப்புக் கலையாமல் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸுக்கு நடந்தேன்.